எதிர்ப்பு இல்லை

டப்பாவை நீட்டியதும் சின்னத்தாயி சிரித்துவிட்டாள்.

"திரும்பவுமா? ஊரு பீய எல்லாம் நான் அள்றேன். என் பீய அள்ள நீ ஒருத்தி வந்துக்கீற பாரு மலரு. உனக்கு இன்னா கொடுப்பினை."

"உன்னுதுதான்க்கா ஜெயிச்சிருக்கு," என்றாள் மலர். "இருபது பேரு குடுத்தீங்க. உன்னுதுல இருந்து எடுத்த கிருமி மட்டும்தான் எல்லா டெஸ்டுலயும் நின்னுச்சு."

"என் வயித்துல ஜெயிக்கிற மாதிரி எதுவும் இல்லியே. காலையிலருந்து நாலு வாட்டி போயிட்டு வந்துட்டேன். கொஞ்சம் இரு, அஞ்சாவதும் ஆயிடட்டும். உனக்கும் ஆச்சு எனக்கும் ஆச்சு."

டப்பாவை வாங்கிக்கொண்டு சந்துக் கோடியில் இருந்த பொதுக் கக்கூஸுக்குப் போனாள். ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்தில் பதினோரு வீட்டுக்கு அது ஒன்றுதான். மலர் அவளுடைய ஒற்றை அறையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு கம்பெனியில் மலருக்கு லேப் வேலை. மனிதர் குடலில் இருக்கும் கிருமிகளைப் பிரித்தெடுத்து, செரிமானத்துக்கு உதவும் நல்ல கிருமி எது என்று பார்க்கிற இடம். மலம் வரும். எடை போட்டு, உப்புத் தண்ணீரில் கரைத்து, தட்டில் பரப்பி வளர்ப்பது அவள் கை. வயிற்றில் இருப்பது போன்ற அமிலத்தில் மூன்று மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பெரும்பாலானவை அதிலேயே செத்துவிடும். மிஞ்சுவதைப் பித்த நீரில் போட வேண்டும். அதிலும் மிஞ்சுவது குடல் சுவரில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏழு மாதத்தில் எல்லாவற்றையும் தாண்டி வந்தது பதினேழாம் எண். சின்னத்தாயியின் எண் அது. இருபத்திரண்டு வருடமாக அந்த வார்டின் தெருக்களைப் பெருக்குகிறவள்.

தெருக் கூட்டுகிறவர்களிடம் கேட்கலாம் என்பது முதலாளி சுஹாஸின் யோசனை. தினமும் குப்பையில் கை வைத்தும் நோய் வராதவர்கள், இரும்புக் குடல் என்று படம் போட்டு ஒரு புத்தகமே அச்சடித்து வைத்திருந்தான். நோய் வருவதில்லை என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று மலரும் கேட்கவில்லை.

சின்னத்தாயி திரும்பி வந்தாள். டப்பாவை மூடி மலரிடம் கொடுத்துவிட்டு, கை கழுவி, மாடத்தில் இருந்த பவுடர் டின்னைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதி பச்சை, பாதி மஞ்சள். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மலர் அட்டையை வாங்கிப் பார்த்தாள். டாக்சிசைக்ளின், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்.

"இது எத்தினி நாளா போடுற?"

"நாளா? வருஷமா போடுறேன். வயித்தால போனா இதான். மெடிக்கல்ல போயி பச்ச மஞ்சன்னு சொன்னா குடுத்துடுவான். ரெண்டு போட்டா நின்னுடும். நின்னுட்டா மீதிய எடுத்து வெச்சுடுவேன். சும்னே எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?"

"அக்கா, ஃபார்ம் எழுதும்போது நான் கேட்டேனே. ஆறு மாசத்துல மருந்து எடுத்தியான்னு. இல்லன்னு சொன்னியே."

"எங்க கேட்ட? நீ கேட்டது வேற."

"நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏதாவது உட்கொண்டீர்களான்னு கேட்டேன்."

"அதான், எதிர்ப்பு." சின்னத்தாயி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்ப ஸ்ட்ரைக் முடிஞ்சி பத்து நாளு. வேலைக்கு எடுப்பானா மாட்டானான்னு நாங்க கீறோம். காலையில பேரு கூப்பிட்டு மஸ்டர் போடுற எடத்துல, வேல குடுக்கிற மேஸ்திரி பக்கத்துல நின்னுக்கினு கீறாரு. நீ காயிதத்த எடுத்து எதிர்ப்பு உண்டா இல்லியான்னு படிக்கிற. உண்டுன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா? எனக்கு முன்னாடி பதினாறு பேரும் எதிர்ப்பு இல்ல, எதிர்ப்பு இல்லன்னாங்க. நானும் அதையே சொன்னேன்."

மலருக்குக் காது மடல் சுட்டது.

அந்த வாக்கியத்தை எழுதியது அவள்தான். இங்கிலீஷ் ஃபார்மைத் தமிழில் போட ஆள் தேடியபோது நானே எழுதுகிறேன் என்று முன்னால் வந்து நின்றவள். கோலார் தங்க வயலில் பத்தாவது வரை தமிழ் மீடியம். மாரிகுப்பத்துப் பள்ளியில் தமிழில் முதல் மார்க் வாங்கி மேடையேறிப் பரிசு வாங்கியவள். பெங்களூரில் எல்லாரும் எல்லா பாஷையையும் கலந்து குதறுகிறார்கள், நான் காட்டுகிறேன் பார் என்று ஒரு ராத்திரி முழுக்க அகராதியோடு உட்கார்ந்து இழைத்த வாக்கியம். அதைத் திரும்ப இங்கிலீஷில் மாற்றிச் சரிபார்த்தவர் ஓஸ்வால்ட், அதே லேபில் வேலை செய்கிறவர். அவரும் தங்க வயல், அவரும் தமிழ் மீடியம். படித்தவர் எழுதியதைப் படித்தவர் பார்த்து அச்சுப் பிசகாமல் இருக்கிறது என்றார். கேட்கப்போகிறவர்களிடம் ஒரு தரம் படித்துக் காட்ட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படித்த திமிர். வேறு என்ன சொல்ல.

அன்றைக்கே சந்து சந்தாகப் போனாள். இருபது பேரில் பன்னிரண்டு பேர் அகப்பட்டார்கள். காகிதம் எடுக்கவில்லை. "வயித்தால போனா, காய்ச்சல் அடிச்சா, மெடிக்கல்ல கேட்டு வாங்கி கேப்சூல் போடுவீங்களா? எந்தக் கலரு?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது பேர் போடுவோம் என்றார்கள். நான்கு பேர் அட்டையையே எடுத்துக் காட்டினார்கள்.

உத்தமன் என்பவர் கழிவு வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "எதிர்ப்பு தெரிவிச்சவங்க லிஸ்ட்டு எடுக்கிறாங்கன்னுதான் நாங்க நெனச்சோம். எதுக்கு அதோட பீயையும் கேக்கறாங்கன்னுதான் புரியல. இவனுங்க கேப்பானுங்க, கேக்கக்கூடியவனுங்கதான்னு குடுத்துட்டோம்."

அதற்கு மலரால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் லேபில் சுஹாஸின் அறைக்குப் போனாள். அங்கே விஞ்ஞானி வீணாவும் இருந்தாள். திங்கட்கிழமை ட்ரையல் ஆரம்பம். ஆனேக்கல் பக்கத்துத் தையல் ஃபேக்டரியில் வயிற்றுக் கோளாறு உள்ள அறுபது பெண்களுக்கு, பதினேழாம் எண்ணை அடைத்த கேப்சூலைத் தினம் ஒன்றாக மூன்று மாதம் கொடுப்பது. கேப்சூல் டப்பாக்கள் மேசை மேலேயே அடுக்கியிருந்தன.

காரியம் ஆக வேண்டுமென்றால் சுஹாஸ் கன்னட வழக்கப்படி 'மலர் அவரே' என்பான். மற்ற நாளில் வெறும் மலர். அன்றைக்கு 'அவரே'யில் ஆரம்பித்தான்.

"மலர் அவரே, ரெண்டாவது சாம்பிள் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார். ஆனா அவங்க டாக்சிசைக்ளின் போடுறவங்க. வருஷக்கணக்கா. மாசம் ரெண்டு தரம், அதுவும் அரைகுறையா."

வீணா பேனாவைக் கீழே வைத்தாள்.

அவள் ஏன் வைத்தாள் என்று மலருக்குத் தெரியும். மருந்தில் தோய்த்த சின்னக் காகித வில்லைகளைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்துப் பார்ப்பது ஒரு சோதனை. மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றிப் பதினேழாம் எண் கிருமி வட்டமே விடவில்லை. வில்லையை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதியது மலர். டாக்சிசைக்ளினும் அதே குடும்பத்து மருந்துதான். ஃபைலில் சுஹாஸ் அதற்கு ஒரு விளக்கம் சேர்த்திருந்தான்: இது இந்தக் கிருமியின் பிறவிக் குணம், ஏனென்றால் கொடுத்தவர் எந்த மருந்தும் எடுத்தவர் இல்லை. பிறவிக் குணமென்றால் அது அந்தக் கிருமியோடு போய்விடும். மருந்து தின்று தின்று பழகிய குணமென்றால் அப்படியில்லை. மருந்தைத் தாங்குகிற வித்தையைக் குடலில் பக்கத்தில் இருக்கும் கெட்ட கிருமிக்கும் அது கைமாற்றிக் கொடுக்கக்கூடும். அப்புறம் கேப்சூல் சாப்பிட்ட பெண்ணுக்கு நிஜமாகவே ஒரு நோய் வந்து அந்த மருந்தைக் கொடுத்தால், மருந்து தண்ணீர் மாதிரிதான்.

"ஃபார்ம்ல இல்லன்னு இருக்கு," என்றான் சுஹாஸ்.

"கேள்வி அவங்களுக்குப் புரியல சார். எதிர்ப்புன்னா ஸ்ட்ரைக்குன்னு நெனச்சிட்டாங்க."

அவன் சிரித்தான். நல்ல ஜோக் கேட்டவன் மாதிரி நிஜமாகவே சிரித்தான். "ரியலி? சரி. ஆனா ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதான். கேட்டோம், சொன்னாங்க, கைநாட்டு இருக்கு. தமிழ் தப்பா? எந்த டிக்ஷனரில வேணா பாருங்க, கரெக்டா இருக்கும்."

"கரெக்டாதான் சார் இருக்கு. யாருக்கும் புரியாத மாதிரி கரெக்டா இருக்கு."

"ஜீனைப் படிச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். ரெண்டு மாசம் ஆகும். ட்ரையல் ஓடட்டும், பக்கத்துல அதையும் பண்ணிடலாம்."

"மொதல்ல பாத்துட்டு அப்புறம் ட்ரையல் ஓட்டுங்க. வாயில போட்டத அப்புறம் எப்படி சார் எடுப்பீங்க?"

சுஹாஸின் பேச்சிலிருந்து 'அவரே' போய்விட்டது. "மலர், ஒண்ணு யோசிச்சுப் பாரு. மொழிபெயர்ப்பு சரின்னு சர்டிஃபிகேட் குடுத்தது நீ. இப்ப தப்புன்னா, தப்பு யாருது?"

மலர் வீணாவைப் பார்த்தாள். "மேடம், நீங்க சொல்லுங்க. பிறவிக் குணமா இது?"

"அப்படின்னு நான் எழுதல," என்றாள் வீணா.

"கீழ கையெழுத்து?"

வீணா கேப்சூல் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து தொட்டியில் மலர் கை கழுவினாள். அந்த ஃபேக்டரிப் பெண்களுக்கு ஏன் வயிறு கெடுகிறது என்று அவளுக்குத் தெரியும். ட்ரையலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது கேட்டிருந்தாள். காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க விடமாட்டார்கள். கக்கூஸுக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று ஒருத்தி வாசலில் நின்று பார்ப்பாள். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். வருவதை அடக்கி அடக்கிக் குடல் மரத்துப்போயிருந்தது. அவர்களுக்கு வேண்டியது இரும்புக் குடல் கிருமியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எழுந்து போக ஒரு பத்து நிமிஷம். அதைக் கொடுக்கிறவன் இல்லை. கேப்சூல் கொடுக்க மட்டும் வரிசையில் நிற்கிறான். அதையும் ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்து, இரும்பு என்று பெயர் வைத்து.

தப்பு யாருது என்று கேட்டானே. என்னுதுதான். அப்போ அதை எடுத்துக்கொள்ளவும் என்னால் முடியும். கைக்குட்டையில் ஈரம் துடைக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை லீவ் போட்டுவிட்டு ஆஸ்டின் டவுனுக்குப் போனாள். மனிதர் மேல் செய்யும் சோதனைகளுக்கு அனுமதி கொடுக்கும் குழுவின் செயலாளர் ஜெயலக்ஷ்மி அங்கே மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். மருந்துக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். மலரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். 'என் மொழிபெயர்ப்பு தவறு. நான் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன்.' கூடவே ஒன்பது பேரின் பெயர், அவர்கள் போடும் கேப்சூலின் நிறம்.

"இலக்கணமா நல்லாத்தானேம்மா இருக்கு," என்றார் ஃபார்மைப் பார்த்து.

"மேடம், கீழ டீக்கடையில பெருக்கிக்கினு இருக்கறவங்ககிட்ட அதைப் படிச்சுக் காட்டுங்க. இன்னா சொல்றாங்கன்னு பாருங்க."

ஜெயலக்ஷ்மி எழுந்து போகவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்னால செய்ய முடிஞ்சத சொல்றேன். சான்றிதழ் இல்லாம அந்தப் பதில்கள் செல்லாது. திரும்பக் கேட்டு வாங்கணும்னு இன்னிக்கே எழுதிடறேன். ஆனா அவங்க வேற ஆள்கிட்ட அதே வாக்கியத்துக்கு சான்றிதழ் வாங்கிட்டு வந்தா நான் மறுக்க முடியாது. திரும்பவும் இல்லன்னு பதில் வந்தா திங்கக்கிழமை நடக்கும். ஆமான்னு வந்தா நடக்காது. ஜீனைப் பாக்காம நான் விடமாட்டேன்."

படியிறங்கும்போதே சுஹாஸின் போன் வந்துவிட்டது. அவனுக்கு ஜெயலக்ஷ்மியின் கடிதம் அதற்குள் போயிருந்தது. "திங்கக்கிழமை நீ வர வேண்டாம். செவ்வாயும் வேண்டாம்," என்றான். "ஓஸ்வால்ட் சர்டிஃபிகேட் குடுத்துட்டாரு. நாளைக்குக் காலையில மஸ்டர்ல கேட்டு வாங்கிடுவாரு. மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு."

மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு. அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் மலருக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. வேலை போனதுகூட அப்புறம்தான் உறைத்தது.

நேரே ஸ்ரீராம்புரம் போனாள். சின்னத்தாயி பாயில் சுருண்டு படுத்திருந்தாள். மலர் எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கு வருவார்கள், அதே கேள்வி, அதே வார்த்தை.

"மேஸ்திரி முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"எதிர்ப்பு உண்டுன்னு நான் சொல்லணும். அந்தாளு காதுல உழணும்."

"அது மருந்துக்கா. அவருகிட்ட வெளக்கிச் சொன்னா…"

"நீ படிச்சவ, வெளக்குவ. அந்தாளு வெளக்கம் கேக்கறவனா? ஸ்ட்ரைக்குல முன்னாடி நின்னா ஞானம்மா. அவள இன்னும் எடுக்கல. வீட்டு வீட்டுக்கு பாத்திரம் தேய்ச்சிக்கினு கீறா." சின்னத்தாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "உனக்கு வேல போச்சுன்னு எனக்கும் போவணுமா?"

மலருக்கு அவள் கேட்டது நியாயம்தான் என்பதே எரிச்சலாக இருந்தது. எழுந்தாள்.

"அந்தப் பொண்ணுங்களுக்கு இன்னா கேடு வயித்துல?" என்றாள் சின்னத்தாயி, சுவரைப் பார்த்தபடியே.

"கக்கூஸுக்கு உட மாட்டேங்கறாங்க. தண்ணி குடிக்கறதில்ல. அடக்கி அடக்கி வெச்சிருக்காங்க."

சின்னத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்களுக்கு மட்டும் எங்க கீது?" என்றாள். "அஞ்சர மணிக்கு போனா ரெண்டு மணிக்கு வரோம். இந்த வார்டு பூரா கூட்றோம், ஒரு வூட்ல உட மாட்டான். நீ போ, நான் படுக்கணும்."

சனிக்கிழமை ஆறு மணிக்கு மஸ்டர். வார்டு ஆபீஸ் சுவரோரம் பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு இருபது முப்பது பேர் நின்றார்கள். மேஸ்திரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓஸ்வால்ட் வெள்ளைக் கோட்டில், கையில் அட்டையில் செருகிய ஃபார்மோடு. எதிர் டீக்கடையில் மலரைப் பார்த்ததும் அவர் குனிந்துகொண்டார்.

அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே வாக்கியத்தைப் படித்தார். முதல் ஆள் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு இல்லை என்றான். அடுத்தவளும் இல்லை. பதினாறு இல்லை வந்தது. உத்தமன்கூட இல்லை என்றுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"சின்னத்தாயி. கடந்த ஆறு மாதங்களில் தாங்கள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏதேனும் உட்கொண்டீர்களா?"

சின்னத்தாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"உண்டு," என்றாள்.

ஓஸ்வால்டின் பேனா இல்லை என்ற கட்டத்துக்கு ஏற்கெனவே போயிருந்தது. நின்றது.

"ஏனு?" என்று கன்னடத்தில் என்னவென்று கேட்டார் மேஸ்திரி.

"எதிர்ப்பு உண்டுன்னு சொல்றேன். எழுதிக்கச் சொல்லு." கோட்டுப் பையில் கைவிட்டு அட்டைகளை எடுத்தாள். பிதுக்கித் தின்று தீர்ந்த காலி அட்டைகள், ஏழோ எட்டோ, வீட்டில் தேடிப் பொறுக்கியிருக்க வேண்டும். ஃபார்மின் மேல் கொட்டினாள். "இத்தினி வாட்டி உண்டு. எதனாலன்னும் எழுது. இந்த வார்டுல கூட்றவளுக்குப் போறதுக்கு ஒரு எடம் இல்லாததால. அதுக்கும் கட்டம் கீதா உன் காயிதத்துல?"

மேஸ்திரி எழுந்தார். "ஏய், வேல வேணுமா வேணாமா?"

"வேணும். அதான் வந்து நிக்கறேன்."

ஓஸ்வால்ட் அவரைப் பார்க்கவில்லை. ஒரு அட்டையை எடுத்துத் திருப்பி, பெயரைப் படித்து, ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தார். மருந்தின் பெயரையும் பக்கத்தில் நிதானமாக எழுதினார். பிறகு பட்டியலில் முதல் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, "வயித்தால போனா கேப்சூல் போடுவியாப்பா? எந்தக் கலரு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ட்ரையல் நடக்கவில்லை. அறுபது பேரும் வழக்கம்போல எட்டு மணிக்கு மெஷினில் போய் உட்கார்ந்தார்கள். வாசலில் நிமிஷம் பார்க்கிறவளும் வழக்கம்போல நின்றாள். அதை நிறுத்த எந்தக் குழுவிலும் ஃபார்ம் இல்லை.

சின்னத்தாயிக்கு மேஸ்திரி மூன்று நாள் மஸ்டர் போடவில்லை. மூன்றாம் நாள் மலர் அவள் வீட்டுக்குப் போனாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக. சின்னத்தாயி புடவை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், மூடி இறுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு டப்பா.

"இந்தா," என்று நீட்டினாள். "இந்த வாட்டி எனக்கு இன்னா வியாதின்னு பாக்கச் சொல்லு."